பாட்டில் பிளான்ட்ல காசை முதல்ல எங்க போடறது?

மயிலாடுதுறை பக்கத்துலேந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு காரைக்கால் பக்கம் ஒரு கண்ணாடி பாட்டில் கம்பெனில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்காராம், பேக் பர்சன்டேஜ் (உருக்கின கண்ணாடில எவ்வளவு நல்ல பாட்டிலா பேக் ஆகுதுங்கற சதவீதம்) 82, 83க்கு மேல ஏறவே மாட்டேங்குது, மேனேஜ்மென்ட் செலவு பண்ண ரெடியா இருக்கு, ஏஐ கேமரா வச்ச இன்ஸ்பெக்‌ஷன் மெஷின் வாங்கலாம்னு பேச்சு ஓடுது, அது சரியான்னு ஒரு கேள்வி, வாங்கினா எங்க ஆளுங்களுக்கு வேலை போயிடுமான்னு இன்னொரு கேள்வி. நான் ஹாட் எண்டுல, அதாவது கண்ணாடியை உருக்கி பாட்டில் ஆக்கற சூடான பக்கத்துல, ரொம்ப வருஷம் வெந்தவன், இப்ப ரிட்டயராகி கும்பகோணத்துல உக்காந்திருக்கேன், நேரம் நெறைய இருக்கு, அதனால நீட்டமாவே எழுதறேன்.

முதல் கேள்விக்கு நேரடியா சொல்லிடறேன் தம்பி. கேமரா வாங்குங்க, ஆனா அதுதான் முதல் செலவுன்னா வேண்டாம். கோல்டு எண்டுல, அதாவது ஆறின பாட்டிலைச் சோதிக்கற பக்கத்துல, எத்தனை கோடிக்கு மெஷின் வச்சாலும் அது நல்ல பாட்டிலையும் கெட்ட பாட்டிலையும் பிரிக்கும், அவ்வளவுதான். களத்துல பதரைத் தூத்திப் பிரிச்சா நெல்லு சுத்தமாகும், அதுக்காக ஒரு மா நிலத்துக்கு விளைச்சல் ரெண்டு மூட்டை கூடிடாதுல்ல. சொல்லப்போனா நல்ல கேமரா போட்ட முதல் மாசம் உங்க பேக் பர்சன்டேஜ் இறங்கும், இத்தனை நாள் கண்ணுக்குத் தப்பிப் போனதெல்லாம் இப்ப மாட்டும், அப்ப மேனேஜ்மென்ட் உங்களைத்தான் கூப்பிட்டுக் கேக்கும், மனசுல வச்சுக்குங்க.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஃபர்னஸ் ஒரு நாளைக்கு 100 டன் உருக்குதுன்னு வைங்க. 82 சதவீதம் பேக்னா 18 டன் திரும்ப உடைசலா உள்ள போகுது. கண்ணாடி வீணாப் போகல, திரும்ப உருக்கிடலாம்ங்கறது உண்மைதான், ஆனா அந்த 18 டன்னை உருக்க எரிச்ச கேஸ், ஊதின காத்து, தேஞ்ச மோல்டு, இது எதுவும் திரும்ப வராது. 82லேந்து 87க்கு வந்தா தினம் 5 டன் கூடுதலா பாலெட்ல ஏறுது, 200 கிராம் பாட்டில்னா 25,000 பாட்டில், கிட்டத்தட்ட அதே கேஸ்ல. இப்ப அந்த 18 டன் எங்கேந்து வருதுன்னு பாருங்க. பெரும்பாலும் பாட்டில் பொறக்கற எடத்துலயே, அதாவது உருகின கண்ணாடியை அளந்து விடற ஃபீடர்லேந்து பாட்டிலை வார்க்கற ஐஎஸ் மெஷின் முடியற வரைக்கும் உள்ள சில அடி தூரத்துலதான்.

அந்தத் தப்பு உங்களுக்கு எப்ப தெரியுது? பாட்டில் மெஷினை விட்டு வந்து, லெர்ங்கற ஆத்தற சூளைல பொறுமையா ஆறி, லைன்ல வந்து, செக்கர் கண்ணுல பட்டு, போன் பண்ணி மேல சொல்லறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆயிடுது. 10 செக்‌ஷன் டபுள் காப் மெஷின், அதாவது ஒவ்வொரு செக்‌ஷன்லயும் ரெண்டு மோல்டு உள்ளது, நிமிஷத்துக்கு 200 பாட்டில் ஓடினா மணிக்கு 12,000. இருபது மோல்டுல ஒரே ஒரு மோல்டுல மட்டும் நெக்குல கிராக் விழுதுன்னாலும் 600 பாட்டில் அதே கிராக்கோட லெர்க்குள்ள வரிசையா போயிட்டிருக்கும். ஷிஃப்ட் மாறற நேரமா இருந்தா கேக்கவே வேணாம். இந்த ஒரு மணி நேரத்தைச் சுருக்கறதுதான் பாட்டில் பிளான்ட்ல டெக்னாலஜியோட முக்கியமான வேலைன்னு நான் நினைக்கறேன், மத்ததெல்லாம் அப்புறம்.

அதனால முதல்ல காப். ஃபோர்ஹார்த்ங்கற வாய்க்கால் வழியா ஃபர்னஸ்லேந்து வர்ற கண்ணாடி, ஷியர்ங்கற கத்திரில வெட்டுபட்டு விழற அந்த செக்கச்செவேல்னு உருண்டை, அதோட எடையும் சூடும் ஷேப்பும் ஒரே மாதிரி இருந்தா பாதி பிரச்சனை வரவே வராது. சூடு கொஞ்சம் ஏறினா கண்ணாடி இளகி காப் எடை கூடும், இறங்கினா குறையும், எடை கூடினா ஓவர்பிரஸ் (வாய்ல கண்ணாடி பிதுங்கறது), குறைஞ்சா ஷோல்டர்ல தின் (மெலிசு), ஒரு பக்கம் மட்டும் சூடா இருந்தா காப் வளைஞ்சு விழுந்து பிளாங்க்ங்கற முதல் அச்சுல சரியா லோடாகாம கோடு விழும். பல பிளான்ட்ல இன்னும் கால் மணிக்கு ஒருதரம் இடுக்கில பாட்டிலை எடுத்து தராசுல வச்சு, நோட்ல எழுதி, அப்புறம் கண்ணாடி வர்ற அளவை மாத்தற ஃபீடர் டியூபை ஒரு சுத்து ஏத்தி இறக்கறது. நடுவுல என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஆபரேட்டர் டீ குடிக்கப் போனா நோட்ல போன தடவை எழுதின நம்பரே திரும்ப வரும், நான் பாக்காததா.

இதுக்கு ஃபோர்ஹார்த்ல ஒவ்வொரு ஸோன்லயும் மேல நடுல கீழன்னு மூணு ஆழத்துல தெர்மோகப்பிள் (சூடு அளக்கற சென்சார்) வைக்கணும், இடது வலதுலயும் வச்சா இன்னும் நல்லது, அதை வச்சு பர்னரும் கூலிங்கும் தானா அட்ஜஸ்ட் ஆகற கன்ட்ரோல் போடணும். மேல ஒரு சூடு அடியில ஒரு சூடுன்னு இருந்தா காப் விழற ஸ்பவுட்டுக்கு வர்றதுக்குள்ள அதைச் சமப்படுத்தியாகணும், அதுக்குத்தான் கடைசி ஸோன். அப்புறம் காப் வெயிட் கன்ட்ரோல். நீங்க பிரஸ் அண்ட் ப்ளோ (பிளஞ்சர்ங்கற உலக்கையால முதல்ல அமுக்கி அப்புறம் ஊதறது), இல்ல அதுலயே சின்ன வாய் பாட்டிலுக்கான என்என்பிபி ஓட்டறீங்கன்னா இது ரொம்ப ஈஸி, பிளஞ்சர் எவ்வளவு தூரம் மேல போச்சுங்கறதை சென்சார் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் அளக்குது, காப் கனமா இருந்தா பிளஞ்சர் முன்னாடியே நின்னுடும், லேசா இருந்தா கூட உள்ள போகும், அதை வச்சே சிஸ்டம் ஃபீடர் டியூபை ஏத்தி இறக்கிடும். ரெண்டு தடவையும் காத்து ஊதியே பண்ற ப்ளோ அண்ட் ப்ளோல பிளஞ்சர் வச்சு இப்படி அளக்க முடியாது, அதுக்கு விழற காப்பையே கேமரால படம் புடிச்சு நீளம், அகலம் வச்சு எடை போடற சிஸ்டம் இருக்கு. ரெண்டுல எது போட்டாலும் ஏஐ கேமராவை விட சீக்கிரம் காசு திரும்பும்.

ரெண்டாவதா ஹாட் எண்ட் மானிட்டரிங். மெஷினை விட்டு சூடா வெளிய வர்ற பாட்டிலை, லெர்க்குள்ள போறதுக்கு முன்னாடியே இன்ஃப்ராரெட் கேமரா பாக்கும். எந்த மோல்டு பாட்டில் எந்த எடத்துல தடிமனா இருக்கு, எங்க மெலிசா இருக்கு, சாஞ்சிருக்கா, ரெண்டு பாட்டில் ஒட்டிக்கிச்சா, உள்ள பேர்ட் ஸ்விங் இருக்கான்னு விநாடில சொல்லும். பேர்ட் ஸ்விங்னா தெரியாதவங்களுக்காக சொல்றேன், பாட்டிலுக்குள்ள இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும் கண்ணாடி நூல் மாதிரி ஒண்ணு கட்டியிருக்கும், உடைஞ்சா கண்ணாடித் துண்டு குடிக்கறவன் வயித்துக்குள்ள. இது ஒண்ணு கூட வெளிய போகக்கூடாது, இதுக்கு பர்சன்டேஜ் கணக்கெல்லாம் கிடையாது. ஆனா இந்த மானிட்டரை வாங்கி ஸ்க்ரீனை சூப்பர்வைசர் ரூம்ல ஏசிக்குள்ள மாட்டி வைக்கற வேலை மட்டும் பண்ணாதீங்க. அது மெஷின் முன்னாடி ஆபரேட்டர் கண்ணு மட்டத்துல இருக்கணும், 7ஆம் செக்‌ஷன் முன் மோல்டு செவப்பு காட்டுதுன்னா அவன் அங்கயே திரும்பிப் பாத்து கை வைக்கணும்.

ஸ்வாப்பிங் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இதை ஆபீஸ்ல இருக்கறவங்க யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல. பிளாங்க் மோல்டுல கண்ணாடி ஒட்டாம வழுக்கி இறங்க கிராஃபைட் கலந்த எண்ணெயை குச்சில துணி சுத்தி ஓடற மெஷினுக்குள்ள கைய விட்டுத் தடவறாங்க, ஆபத்தான வேலை, விரல் போனவங்க இருக்காங்க. ஆபத்து ஒரு பக்கம், குவாலிட்டிக்கும் அதுதான் எதிரி. ஒருத்தன் கை தாராளம், ஒருத்தன் கை சிக்கனம், எண்ணெய் கூடினா பிளாங்க் சட்டுனு குளுந்து பாட்டில்ல கருப்பு அழுக்கும் சுருக்கமும் வரும், குறைஞ்சா காப் பாதில மாட்டும். ஒவ்வொரு ஸ்வாப்புக்கு அப்புறமும் முதல்ல வர்ற சில பாட்டிலைத் தள்ளியாகணும். ரோபோ ஸ்வாப் அளந்து ஒரே மாதிரி, ஒரே நேர இடைவெளில அடிக்குது, எண்ணெய் செலவும் குறையுது, தள்ளற பாட்டிலும் குறையுது. ஷிஃப்டுக்கு ஷிஃப்டு பேக் மாறறதுக்கு பாதி காரணம் ஸ்வாப் கைதான், என்னைக் கேட்டா கேமராவுக்கு முன்னாடி இதை வாங்கச் சொல்லுவேன்.

நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு, வெளிநாட்டு வெண்டர் வந்து பிரசன்டேஷன்ல இதைச் சொல்லமாட்டான். கடலோரம், காத்துல ஈரம். ஐப்பசி கார்த்திகைல கம்ப்ரெஸர் இழுக்கற காத்துல அவ்வளவு தண்ணி, டிரையரும் டிரெயினும் சரியில்லன்னா மெஷினுக்குப் போற ஏர் லைன்ல தண்ணி துளித்துளியா வரும், சூடான மோல்டுல ஒரு துளி பட்டா பாட்டில்ல முடி மாதிரி கிராக். சித்திரைல வேற கதை, மோல்டு கூலிங் ஃபேன் இழுக்கற காத்தே கொதிக்குது, மத்தியானம் மெஷின் ஸ்பீடைக் குறைக்கறீங்க, ராத்திரி ஏத்தறீங்க, ஏத்தி இறக்கற ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் ரிஜெக்ட். ஃபேனுக்கு வேகத்தை மாத்தற விஎஃப்டி போட்டு கூலிங் பிரஷரை வெளிக்காத்து சூட்டுக்கு ஏத்த மாதிரி தானா மாத்தற ஏற்பாடு ஒண்ணும் பெரிய செலவு இல்ல. ஏர் லீக்கையும் ஒருதரம் முழுசா பாருங்க, அல்ட்ராசோனிக் மீட்டர் வாடகைக்குக் கிடைக்கும், மெஷின் சத்தத்துல காதுக்குக் கேக்காத லீக்கெல்லாம் மாட்டும்.

மழைக்காலத்துல பேட்ச் ஹவுஸும் (மூலப்பொருளை எடை போட்டுக் கலக்கற எடம்) தகராறு பண்ணும். மணல்ல ஈரம் கூடினா நீங்க எடை போடறது மணலா தண்ணியா? ஈரத்தை அளக்கற சென்சாரை மணல் பங்கர்ல வச்சு எடையைத் தானா திருத்திக்கிட்டா உண்டு, இல்லன்னா சிலிக்கா குறைஞ்சு கண்ணாடியோட குணமே மாறும், ஹாட் எண்டுல எல்லாரும் காரணம் தெரியாம மண்டையைப் பிச்சுக்குவாங்க. பேட்ச்ல 3, 4 சதவீதம் ஈரம் நாமளே வைக்கறதுதான், தூசி பறக்காம, கலவை பிரியாம இருக்க, ஆனா அது ஒரே அளவா இருக்கணும். அதே மாதிரி இங்க நெறைய பேர் கேக்கறது, காவேரில இவ்வளவு மணல் கிடக்கே அதுல பாட்டில் பண்ணலாமேன்னு. ஆகாது. ஆத்து மணல்ல இரும்பு ஜாஸ்தி, வெள்ளை பாட்டிலுக்கு இரும்பு ஆக்சைடு நூத்துல 0.03, 0.04 தாண்டினாலே பச்சை அடிக்க ஆரம்பிச்சிடும், செலினியம் கோபால்ட்டு போட்டு மறைக்கறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல. ஆத்து மணலை ஆத்துலயே விட்டுடுங்க, அள்ளினவங்க அள்ளினதே போதும்.

உடைசலுக்கு வர்றேன். 10 சதவீதம் உடைசல் கூட்டினா உருக்கற எனர்ஜில சுமாரா 3 சதவீதம் மிச்சம், சோடா ஆஷும் சுண்ணாம்பும் உருகும்போது வர்ற கார்பன் டை ஆக்சைடும் குறையும். நல்லதுதான், ஆனா வெளிய வாங்கற உடைசல்ல பீங்கான் துண்டு, கல்லு, அலுமினிய மூடி எல்லாம் வரும், பீங்கான் உருகாது, அது ஸ்டோனா பாட்டில் சுவத்துல உக்காரும், பிரஷர் ஏறினா அங்கேந்துதான் வெடிக்கும். சோடா பாட்டில் பண்றவங்களுக்கு இது உயிர்ப் பிரச்சனை. வெள்ளை கண்ணாடில பச்சை பாட்டில் உடைசல் கலந்தா குரோமியம் ஏறி கலர் கெட்டுடும். அதனால ஆப்டிகல் சார்ட்டர் (கேமராவால பிரிக்கறது), காந்தம், எடி கரன்ட் பிரிப்பான் (அலுமினியத்தைத் தள்ளறது) இந்த மூணும் உள்ளவங்ககிட்ட வாங்குங்க, அஞ்சு பத்து விலை கூடினாலும். டாஸ்மாக்ல பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டில் திரும்பி வந்தா குடுத்துடற திட்டம் 2022ல நீலகிரில ஆரம்பிச்சு அப்புறம் மத்த மாவட்டத்துக்கும் வந்துச்சு, அது ஒழுங்கா நடந்தா சுத்தமான உடைசல் ஒரே எடத்துல கிடைக்கும், நடவுக்கு எறங்கற பொம்பளைங்க கால்ல கண்ணாடி குத்தறதும் குறையும். வயல் வரப்புல பாட்டிலை உடைச்சுப் போடறவனுக்கு அது எங்க போயி யார் கால்ல ஏறும்னு தெரியறதில்ல.

ஃபர்னஸைப் பத்தி சுருக்கமா. பிளான்ட் எனர்ஜில முக்கால்வாசி அங்கதான் போகுது, ஆனா கட்டின ஃபர்னஸ்ல நீங்க மாத்தக்கூடியது கொஞ்சம்தான். நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால்னு நம்ம படுகைல எடுக்கற கேஸ் பைப்ல வந்ததாலதான் காரைக்கால் நாகை பக்கம் கேஸ்ல ஓடற கம்பெனிங்களே வந்துச்சு, அந்த கேஸோட கலோரி மதிப்பு எப்பவும் ஒண்ணு போல இருக்கும்னு நம்பிடாதீங்க. புகைச் சூட்டைப் பிடிச்சு உள்ள போற காத்துக்குக் குடுக்கற ரீஜெனரேட்டர் மேல ஜிர்கோனியா ஆக்சிஜன் புரோப் வச்சு, வெளிய போற புகைல ஆக்சிஜன் 1லேந்து 2 சதவீதத்துக்குள்ள நிக்கற மாதிரி காத்தையும் கேஸையும் ட்ரிம் பண்ணுங்க, காத்து அதிகமா விட்டா அதையும் சேத்து சூடாக்கித்தான் சிம்னில விடறீங்க. பேட்ச் போடற சார்ஜர், டோர் ஓட்டை வழியா காத்து உள்ள உறிஞ்சாம ஃபர்னஸ் பிரஷரைப் பாத்துக்குங்க. இன்னொண்ணு பேக்கப் பவர். 2018ல கஜா அடிச்சு இந்தப் பக்கம் எத்தனை நாள் கரன்ட் இல்லாம கிடந்தோம்னு எல்லாருக்கும் தெரியும், ஃபர்னஸை 10, 15 வருஷம் அணைக்கவே முடியாது, த்ரோட்டையும் (உருகின கண்ணாடி வெளிய வர்ற கழுத்து) சுவத்தையும் குளுத்தற ஃபேன் நின்னா செங்கல் கரையும், கரைஞ்ச செங்கல் ஸ்டோனா பாட்டில்ல வரும், ரொம்பப் போனா கண்ணாடியே வெளிய வந்துடும். டீசல் ஸ்டாக்கையும் ஜெனரேட்டரையும் ஆவணி முடியறதுக்குள்ள லோடு குடுத்து ஓட்டிப் பாக்கணும்.

இப்ப ஜாப் சேஞ்ச். உங்க மாதிரி பிளான்ட்ல குவார்ட்டர் பாட்டில் ஒரு வாரம், ஊறுகாய் ஜார் மூணு நாள், அப்புறம் தேன், அப்புறம் பன்னீர் சோடான்னு மாறிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு மாத்தத்துக்கும் மோல்டு ஏத்தி, டைமிங் வச்சு, பேக் நார்மலுக்கு வர ஒரு ஷிஃப்ட் போயிடுது, அந்த நேரத்துல பாதி ஓட்டம் உடைசலுக்குத்தான். வருஷ சராசரி 83ல நிக்கறதுக்கு இதுவே பெரிய காரணமா இருக்கலாம், நல்லா ஓடற நாளை மட்டும் எடுத்துப் பாருங்க, 88 காட்டும்னு நினைக்கறேன். எலக்ட்ரானிக் டைமிங் உள்ள மெஷின்னா போன தடவை நல்லா ஓடினப்ப இருந்த செட்டிங்கை அப்படியே சேவ் பண்ணி வைக்கணும், காப் சூடு, டியூப் உயரம், மோல்டு கூலிங் டிகிரி எல்லாத்தோடயும். மோல்டை சும்மா பாலிஷ் போட்டு அடுக்காம ஒவ்வொண்ணையும் அளந்து வைக்கணும், வால்யூம் உட்பட. பிளாங்கை முன்கூட்டியே சூடேத்தி ஏத்தணும். இதுல பாதிக்கு காசே வேணாம், மோல்டு ஷாப்புக்கும் புரொடக்‌ஷனுக்கும் பேச்சுவார்த்தை இருந்தா போதும், அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கற பிளான்ட்டை நான் கம்மியாத்தான் பாத்திருக்கேன்.

கடைசியா உங்க கேமரா. ஏற்கனவே செக் டிடெக்டர் (கிராக் பாக்கறது), பிளக் கேஜ் (வாய் அளவு பாக்கறது), ஸ்க்வீஸ் டெஸ்டர் (அமுக்கிப் பாக்கறது) இருக்கும்னு எடுத்துக்கறேன். புதுசு வாங்கறப்ப ஏஐ இருக்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி மோல்டு நம்பர் ரீடர் இருக்கான்னு கேளுங்க. பாட்டில் அடில புள்ளி புள்ளியா இருக்கற கோடை படிச்சு, இந்த ரிஜெக்ட் எந்த மோல்டுலேந்து வந்துச்சுன்னு சொன்னாத்தான் அந்தத் தகவல் ஹாட் எண்டுக்குத் திரும்பிப் போகும், இல்லன்னா வெறும் எண்ணிக்கைதான். மோசமான ஒரு மோல்டு பாட்டிலை மட்டும் தள்ளிட்டு மத்த பத்தொம்பதை காப்பாத்தலாம், முன்னாடில்லாம் பாலெட் பாலெட்டா ஹோல்டு போட்டு திரும்பப் பிரிச்சு பாத்தோம். ஏஐ நிஜமா உதவற எடம் ஒண்ணு உண்டு, பொய் ரிஜெக்ட். தண்ணித் துளி, தூசி, தையல் கோடு, எழுத்து பொறிச்ச எடம் இதையெல்லாம் பழைய கேமரா தப்புன்னு தள்ளும், படிச்ச சாஃப்ட்வேர் இது ஸ்டோன் இது தூசின்னு பிரிக்குது. உங்க ரிஜெக்ட் தொட்டிலேந்து ஒரு ஷிஃப்ட் பாட்டிலை எடுத்து கையால பாருங்க, நல்ல பாட்டில் நெறைய கிடந்தா ஏஐ காசு வசூலாகும், இல்லன்னா அவசரமில்ல. வெண்டர் கொண்டு வர்ற டெமோ பாட்டிலை நம்பாதீங்க, உங்க பாட்டில்ல உங்க தப்பை வச்சு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. எந்த மெஷினா இருந்தாலும் ஷிஃப்டுக்கு ஒருதரம் தெரிஞ்ச தப்பு உள்ள சாம்பிள் பாட்டிலை விட்டு அது தள்ளுதான்னு சோதிக்கணும், அதை செய்யாத எடத்துல மெஷின் பச்சை விளக்கு எரிஞ்சிட்டே சும்மா நிக்கும். லெர் முடிவுல ஸ்ட்ரெய்ன் (சரியா ஆறாம உள்ள தங்கற இறுக்கம்) பாக்கறதையும், ஹாட் எண்ட் டின் கோட்டிங், கோல்டு எண்ட் பாலிஎத்திலீன் ஸ்ப்ரே ரெண்டும் சரியா விழுதான்னு பாக்கறதையும் கேமரா செய்யாது, அதுக்கு ஆள் வேணும்.

அந்த ரெண்டாவது கேள்வி. மறைக்காம சொல்றேன், லைட் ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்து பாட்டிலைக் கண்ணால பாக்கற வேலை குறையும், குறைஞ்சுக்கிட்டேதான் இருக்கு. எட்டு மணி நேரம் ஓடற பாட்டிலை வெளிச்சத்துல பாத்துக்கிட்டே இருக்கறது மனுஷன் கண்ணுக்கு ஆகற வேலையும் இல்ல, அரைமணில கண்ணு பூத்துடும். ஆனா ஹாட் எண்ட் ஆபரேட்டர், மோல்டு ரிப்பேர் பண்றவர், ஃபோர்ஹார்த் பாக்கறவர், இவங்க இல்லாம எந்த சென்சாரும் ஒண்ணும் கிழிக்காது, இன்னிக்கும் நல்ல ஐஎஸ் ஆபரேட்டர் கிடைக்கறது குதிரைக் கொம்பா இருக்கு. செக்கிங்ல இருக்கற பசங்கள்ல சூட்டிகையானவங்களை மோல்டு ஷாப்புக்கும் மெஷினுக்கும் இப்பவே மாத்தி பழக்கணும்னு கேளுங்க, மெஷின் வந்ததுக்கு அப்புறம் கேட்டா லேட்.

நீங்க குவாலிட்டில இருக்கறதால உங்க கையில ஒண்ணு இருக்கு. வர்ற ஒரு மாசத்துக்கு ரிஜெக்ட்டை தப்பு வாரியா மட்டும் எழுதாம மோல்டு நம்பர் வாரியா, ஷிஃப்ட் வாரியா, ஜாப் சேஞ்ச் ஆகி எத்தனாவது மணிங்கறது வாரியா எழுதுங்க, எக்செல்ல போட்டா போதும். அதுல ஸ்டோனும் சீடும் (சின்னக் காத்துக் குமிழி) தலை தூக்கினா பேட்ச் ஹவுஸும் ஃபர்னஸும், தின்னும் லோடிங் கோடும் தூக்கினா காப், ஒரே ஷிஃப்ட்ல தூக்கினா ஸ்வாப், முதல் எட்டு மணில தூக்கினா ஜாப் சேஞ்ச். அந்த ஷீட்டோட மீட்டிங்குக்குப் போங்க, எந்த மெஷின் வாங்கணும்னு அங்க பேசிக்கலாம். ஷீட் ரெடியானா இங்க போடுங்க தம்பி, கம்பெனி பேரை எடுத்துட்டு, நானும் பாக்கறேன்.